பதினாறுக்குள் ஐம்பத்திரண்டு அடங்குமா?

பதினாறு கொத்துப் பிடிக்கும் கடகத்தில் ஐம்பத்திரண்டு கொத்து அரிசியை இடமுடியுமா என்று சிறுவன் ஒருவனைக் கேட்டால், அவன் நம்மை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவான். ஆயினும் 2009ஆம் ஆண்டளவில், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை வளர்த்துவந்த பொறியியலாளர் சிலர், இதற்கு ஒப்பான காரியம் ஒன்றைச் செய்ததாக அறிவித்தனர். 16 கிகாபைற்று நினைவகம் உடைய ஒரே கணினிக்குள் 52 விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளை அவர்கள் ஒருங்கே இயக்கினர். அவை ஒவ்வொன்றுக்கும் 1 கிகாபைற்று நினைவகம் உண்டென்று வாக்களிக்கப்பட்டிருந்தது. வாக்களித்தது 52, கையில் இருந்தது 16.

இது கண்கட்டு வித்தையா, கடன்காரனின் சாமர்த்தியமா, அன்றி நேர்மையான கணக்கா? மூன்றிலும் சிறிது சிறிது இதிற் கலந்திருக்கிறது என்பதே என் எண்ணம். இன்று வங்கிக் கணக்குகளும் விமானச் சீட்டுப் பதிவுகளும் மருத்துவமனை ஏடுகளும் பல இடங்களில் இத்தகைய கணினிகளுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கின்றன. ஆதலால் அந்த வாக்கு எதன்மேல் நிற்கிறது, எப்பொழுது பொய்த்துப்போகும் என்பதை நாமும் அறிந்திருத்தல் நன்று.

கணினியின் நினைவகம் என்பது சமையற்காரரின் கைக்கெட்டும் மேசை போன்றது. வன்தட்டு என்பது அப்பால் உள்ள களஞ்சிய அறை. களஞ்சியம் பெரிது, மலிவானது. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எழுந்து போய்வரல் வேண்டும். மேசை சிறிது, விலை கூடியது. கை நீட்டினால் பொருள் கிடைக்கும். கணினி தோன்றிய நாள் முதல் அறிஞர்களை வருத்திவந்த வினா, சிறிய மேசையில் பெரிய சமையலை எங்ஙனம் நடத்துவது என்பதேயாகும்.

அதற்கு முதலிற் சிறந்த விடை கண்டவர்கள் இங்கிலாந்தின் மன்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தார். ரொம் கில்பேர்ண் என்னும் பேராசிரியரின் தலைமையில் உருவான ‘அற்லஸ்’ கணினி 1962 டிசம்பரிலே தொடக்கி வைக்கப்பட்டது. அதன் விரைவான நினைவகத்தில் 16,384 சொற்களுக்கே இடமிருந்தது. சுழலும் காந்த உருளைகளில் மேலும் 98,304 சொற்களை வைக்கலாம். அந்நாளில் நிரல் எழுதுவோர், எது மேசையில் இருக்கிறது, எது களஞ்சியத்தில் இருக்கிறது என்பதைத் தாமே கணக்கு வைத்து, வேண்டியபோது மாற்றி மாற்றி அடுக்குதல் வேண்டும். அற்லஸ் அந்தத் தொல்லையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, நிரல் ஒரு பக்கத்தைத் தொடும்போது அது மேசையில் இல்லையாயின், நிரலைச் சற்று நிறுத்தி, உருளையிலிருந்து அதனைக் கொணர்ந்து வைத்துவிட்டு மீண்டும் ஓடவிட்டது. நிரலுக்கோ, இடையில் நடந்தது ஏதும் தெரியாது. எல்லாம் ஒரே பெரிய மேசை என்றே அது நினைத்தது. இதனை ‘மெய்நிகர் நினைவகம்’ என்பர்.

ஒரு நிரலை இவ்வாறு நம்பவைக்கலாமாயின், ஒரு முழுக் கணினியையே நம்பவைத்தால் என்ன? இவ்வினாவை அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வுநிலையத்தார் எழுப்பினர். 1967ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர்களுடைய ‘சி.பி.-40’ என்னும் முறைமை வேலைக்கு வந்தது. அது ஒரே கணினியைப் பதினான்கு கணினிகள் போலக் காட்டவல்லது. ஒவ்வொரு பொறியும் தானே தனிக் கணினி என்று எண்ணி, தனக்கெனப் பணிசெயல் முறைமை ஒன்றையும் வைத்துக்கொண்டு இயங்கியது. இத்தகைய கற்பனைக் கணினியே மெய்நிகர்ப் பொறி எனப்படும். அதனைத் தாங்கும் உண்மையான கணினியை ‘விருந்தோம்பி’ என்றும், உள்ளே இருப்பவற்றை ‘விருந்தினர்’ என்றும் துறையினர் அழைக்கின்றனர். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விருந்தினர் ஒருவரும் தாம் பிறர் வீட்டில் இருப்பதை அறியமாட்டார். இவர்களுக்கிடையே பங்கீடு செய்யும் நிரல் ‘ஹைப்பர்வைசர்’ ஆகும். நாம் அதனை மேற்பார்வை நிரல் என்போம்.

கலியாண வீட்டுப் பந்தி

இனி, பங்கீடு நடக்கும் விதத்தைப் பார்ப்போம். ஒரு விருந்தினப் பொறிக்கு 4 கிகாபைற்று என்று எழுதிவைத்தவுடன் விருந்தோம்பி அத்தனை இடத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலும் முதலில் ஏறக்குறைய ஒன்றுமே கொடுப்பதில்லை! ஒரு பட்டியலை மாத்திரம் திறந்துவைக்கிறது. விருந்தினர் தம் நினைவகத்தின் நூறாம் பக்கத்தை முதன்முதலில் தொடும்பொழுது, வன்பொருள் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது. அங்கே இடம் குறிக்கப்படவில்லை. உடனே மேற்பார்வை நிரல் விழித்துக்கொண்டு, உண்மையான நினைவகத்தில் 4096 பைற்று அளவுள்ள வெற்றிடம் ஒன்றைத் தேடி எடுத்து, ‘இவருடைய நூறாம் பக்கம் இனி இங்கே’ என்று எழுதிவிட்டு அகன்றுவிடுகிறது. இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு கூறுள் முடிந்துவிடும். தொடாத பக்கத்துக்கு இடமில்லை. இடம் வேண்டுமென்ற கவலையும் இல்லை. முன்னாளில் இப்பட்டியல் வேலையை மேற்பார்வை நிரலே பெரும்பாடுபட்டுச் செய்துவந்தது. 2007இல் ஏ.எம்.டி. நிறுவனமும் 2008இல் இன்ரெல் நிறுவனமும் அதனைத் தம் சில்லுகளுக்குள்ளேயே அமைத்துக்கொடுத்தன.

நம் ஊரில் கலியாணத்துக்கு அறுநூறு பேரை அழைப்பார்கள். பந்தலிலோ நூற்றைம்பது பேருக்கே பாய் விரித்திருக்கும். இதைக் கண்டு யாரும் வீட்டுக்காரரைப் பொய்யர் என்று சொல்வதில்லை. முதற்பந்தி எழுந்தபின் இரண்டாம் பந்தி அமரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணினியில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே உண்டு முடித்தவர் எழுந்திருப்பதில்லை!

விருந்தினப் பொறிக்குள் ஓர் அலுவல் முடிந்தவுடன், அதன் பணிசெயல் முறைமை ‘இந்தப் பக்கங்கள் இனித் தேவையில்லை’ என்று தன் ஏட்டிலே குறித்துக்கொள்கிறது. ஆனால் அந்த ஏடு உள்ளே இருப்பது. தான் ஒரு வீட்டில் விருந்தினர் என்பதையே அறியாத முறைமை, வீட்டுக்காரரிடம் போய், ‘இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்க’ என்று எங்ஙனம் சொல்லும்? ஆகவே ஒருமுறை கொடுத்த இடம் கொடுத்ததாகவே இருந்துவிடுகிறது. நாளடைவில் எல்லா விருந்தினரும் எல்லாப் பக்கங்களையும் ஒருமுறையேனும் தொட்டுவிடுவார்கள். கொடுத்தல் எளிது, மீட்டல் அரிது. இத்துறையின் அறிவெல்லாம் செலவழிந்திருப்பது இந்த மீட்டலில்தான்.

பலாத்காரமாக மீட்டால் என்ன நேரும் என்று பாருங்கள். மேற்பார்வை நிரல், நெடுநேரம் தொடப்படாத ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து, அதனை வன்தட்டில் எழுதிவைத்துவிட்டு, இடத்தை வேறொரு பொறிக்குக் கொடுத்துவிடுகிறது. சிறிது பொழுதில் அந்த விருந்தினரின் பணிசெயல் முறைமைக்கும் இடநெருக்கடி வருகிறது. அதுவும், நெடுநேரம் தொடப்படாத பக்கம் எது என்று தேடி, அதே பக்கத்தையே தெரிந்தெடுக்கிறது. தன்னுடைய வன்தட்டில் எழுதுவதற்காக அதனைத் தொடுகிறது. தொட்டால், அது அங்கில்லை! மேற்பார்வை நிரல் ஓடிச்சென்று வன்தட்டிலிருந்து அதனைக் கொணர்ந்து நினைவகத்தில் வைக்க, விருந்தினர் அதனை மறுபடியும் வன்தட்டில் எழுதுகிறார். களஞ்சியத்துக்கு அனுப்புவதற்காகவே களஞ்சியத்திலிருந்து ஒரு பொருளை வரவழைத்த கதை இது. எந்தப் பக்கம் வேண்டியது, எது வேண்டாதது என்பது உள்ளிருப்பவருக்கே தெரியும். வெளியே நிற்பவர் ஊகிக்கத்தான் முடியும்.

பலூனின் வேலை

இந்தச் சிக்கலுக்கு 2002ஆம் ஆண்டில் வீஎம்வெயர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பேர்கர் என்பவர் ஒரு மாநாட்டிலே விளக்கிய தீர்வு, படிக்குந்தோறும் புன்னகை வரவழைப்பது. விருந்தினப் பொறிக்குள் சிறியதொரு நிரலை முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள். அதன் பெயர் பலூன். விருந்தோம்பிக்கு இடம் தேவைப்படும்போது, ‘ஊது’ என்று அதற்குச் செய்தி அனுப்பப்படுகிறது. உடனே அது தான் குடியிருக்கும் பொறியின் பணிசெயல் முறைமையிடம் சாதாரண நிரல் ஒன்றைப் போலவே சென்று, ‘எனக்கு நினைவகம் வேண்டும்’ என்று கேட்கிறது. முறைமை என்ன செய்யும்? வெறுமனே கிடக்கும் பக்கங்களை முதலிற் கொடுக்கும். அவை போதாவிடின், தனக்கு மிகக் குறைவாகத் தேவைப்படுபவை எவையோ அவற்றைக் காலிசெய்து கொடுக்கும். பலூன் அவற்றை வாங்கி ஒன்றுமே செய்வதில்லை. அவற்றின் இலக்கங்களை மாத்திரம் மேற்பார்வை நிரலுக்கு இரகசியமாகச் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கங்களை இனி உள்ளே ஒருவரும் தொடமாட்டார்கள் என்பது உறுதியாதலால், அவற்றின் பின்னால் உள்ள உண்மையான இடத்தை விருந்தோம்பி அச்சமின்றி எடுத்துக்கொள்ளலாம்.

எதை இழப்பது என்பதை இழப்பவரே தீர்மானிக்கிறார் என்பதிலேதான் இதன் அழகு இருக்கிறது. நெருக்கடி நீங்கியபின் பலூனின் காற்று இறக்கப்படும்; இடம் மீளும். 2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ‘சென்’ முறைமையும் இதையொத்த பலூனைக் கையாண்டது. எனினும் பலூன் ஊதுவதற்கு நேரம் வேண்டும். விருந்தினப் பொறி அப்பொழுதுதான் விழித்தெழுகிறதாயின் உள்ளே பலூனே இராது. அத்தகைய வேளையில் பலாத்காரந்தான் கதி.

யாரிடம் முதலில் மீட்பது என்பதும் எளிய வினா அன்று. பணம் கூடக் கொடுத்தவருக்குப் பங்கு கூட என்று வைத்தால், அவர் வாங்கிய இடத்தைச் சும்மா போட்டுவைக்க, ஏழைப்பொறி இடமின்றித் தவிக்கும். வால்ட்ஸ்பேர்கர் இதற்கொரு வரி விதித்தார். உறங்கும் பக்கத்துக்கு, உழைக்கும் பக்கத்தைவிடக் கூடிய விலை! வரிவீதம் 75 என்று இருந்தால், ஒருவரிடம் உறங்கிக் கிடக்கும் நினைவகத்தில் நூற்றுக்கு 75 வரையில் மீட்டுக்கொள்ளலாம். எவ்வளவு உறங்குகிறது என்பதை அறிய ஒவ்வொரு பக்கத்தையும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. முப்பது விநாடிக்கு ஒருமுறை நூறு பக்கங்களைக் குலுக்கலில் எடுப்பதுபோல் எடுத்து, அவற்றுள் எத்தனை தொடப்பட்டன என்று பார்த்தனர். நூற்றில் இருபது தொடப்பட்டால், மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே விழித்திருக்கிறது என்பது கணக்கு. மாணவர்களுக்கு இது புள்ளிவிபரவியல் பாடத்தின் முதலாம் அத்தியாயம்.

ஒரே பக்கம், பல சொந்தக்காரர்

இத்தனை செய்தும் 52ஐ 16இற்குள் அடக்குவது கடினம். அதற்கு உதவியது வேறொரு வழி. ஐம்பத்திரண்டு பொறிகளும் ஒரே விண்டோஸ் எக்ஸ்பியை அல்லவா இயக்கின? அவற்றின் நினைவகங்களில் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரியான பக்கங்கள் ஏராளம். போதாததற்கு, வெறும் பூச்சியங்களால் நிறைந்த பக்கங்களும் எல்லோரிடமும் உண்டு. ஒரே புத்தகத்தை ஐம்பத்திரண்டு பிரதிகள் வைத்திருப்பானேன்? ஒன்றை வைத்துக்கொண்டு, எல்லோருடைய பட்டியலிலும் அந்த ஒன்றையே காட்டினால் போதாதா?

மேற்பார்வை நிரல் ஓய்வுவேளையில் பக்கங்களைத் துழாவி, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்துக்கும் கைரேகை போன்றதோர் எண்ணைக் கணித்துவைக்கிறது. இரு பக்கங்களின் எண்கள் ஒத்திருந்தால், அவற்றை முழுதாக ஒப்பிட்டுப் பார்த்து, ஐயம் நீங்கியபின் ஒன்றை விடுவித்துவிடுகிறது. மிஞ்சிய பிரதியில் எவரும் எழுதமுடியாதபடி பூட்டிவைக்கிறது. யாராவது எழுத முனைந்தால், அக்கணமே அவருக்கென ஒரு தனிப் பிரதி எடுத்துக் கொடுக்கப்படும். வால்ட்ஸ்பேர்கர் சோதித்தவற்றுள், ஒரு நிறுவனத்தின் பத்து விண்டோஸ் என்.டி. பொறிகள் ஓடிய கணினியில் இம்முறையால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு நினைவகம் மீண்டது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் ‘கே.எஸ்.எம்.’ என்னும் பகுதி 2009 டிசம்பரிலே அதனுடன் சேர்க்கப்பட்டது. நாம் தொடக்கத்திற் கண்ட 52இன் இரகசியம் இதுவே.

வாக்கு பொய்க்கும் வேளை

அறுநூறு பேரும் முதற்பந்திக்கே வந்துவிட்டால்? கணினியில் அது நடக்கக்கூடியதே. எல்லாப் பொறிகளும் ஒரே நள்ளிரவில் வைரசுச் சோதனையைத் தொடங்குமாறு ஒருவர் ஒழுங்கு செய்திருந்தால், எல்லாம் ஒருங்கே தம் பக்கங்களைத் தொடும். அப்பொழுது ஒன்றின் பக்கத்தை வெளியேற்றி மற்றொன்றுக்கு இடம் கொடுக்க, வெளியேற்றியது உடனே வேண்டும் என்று கேட்க, அதற்காக மற்றொன்றை வெளியேற்ற, இவ்வாறு களஞ்சியத்துக்கும் மேசைக்கும் இடையே ஓடுவதே தொழிலாகிவிடும், சமையல் நடவாது. இந்நிலையை அமெரிக்க அறிஞர் பீற்றர் டெனிங் 1968இலேயே ஆராய்ந்து விளக்கினார். ஒரு நிரல் குறித்த ஒரு காலப்பகுதியில் உண்மையாகவே கையாளும் பக்கங்களின் தொகுதிக்கு அவர் ஒரு பெயரிட்டு, அத்தொகுதிகளின் கூட்டுத்தொகை மேசையின் அளவை மிஞ்சினால், சிலரை வெளியே நிறுத்திவைப்பதன்றி வேறு வழியில்லை என்றார். பலூனோ பங்கீடோ இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

லினக்ஸ் விருந்தோம்பியில் நெருக்கடி முற்றினால் நடப்பது இன்னும் கொடிது. இடமே இல்லை என்ற நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுள் ஒன்றைத் தெரிந்து கொன்றுவிடும் பகுதி ஒன்று அதனுள் உண்டு. அது பெரும்பாலும் மிகுந்த நினைவகத்தை வைத்திருப்பதையே பலியெடுக்கும். விருந்தோம்பியின் கண்ணுக்கு ஒரு முழு விருந்தினப் பொறியும் வெறும் நிரல் ஒன்றே. ஆகவே தன் பங்குக்கு மேல் ஒரு பைற்றும் கேளாத, எல்லாவற்றிலும் பெரிய பொறி, முன்னறிவிப்பின்றி அணைந்துபோகக்கூடும். வாக்களித்தவர் தப்பிவிடுகிறார், வாக்கை நம்பியவர் அழிகிறார்.

பக்கங்களைப் பகிர்வதில் மற்றொரு தீங்கும் ஒளிந்திருந்தது. பகிரப்பட்ட பக்கத்தில் எழுத முனைந்தால் பிரதி எடுக்கும் நேரம் கூடுதலாகச் செல்லும் அல்லவா? அந்தச் சிறு தாமதமே காட்டிக்கொடுத்துவிடும். அயற்பொறியில் எந்த நிரல் ஓடுகிறது என்று அறிய விரும்புபவன், அந்நிரலின் பக்கம் ஒன்றைத் தன்னிடம் வைத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, பின் அதில் எழுதிப் பார்க்கிறான். தாமதித்தால், அயலவரிடமும் அது உண்டு! யப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2011இல் இதனைச் செய்து காட்டினர். சுவருக்கு அப்பால் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்பதைச் சுவரைத் தட்டியே அறிந்துகொள்வது போன்ற வேலை.

2016இல் அம்ஸ்ரர்டாம் நகரத்து விரைய் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒட்டுக்கேட்பதோடு நில்லாமல் எழுதியே காட்டினர். நினைவகச் சில்லில் ஒரு வரிசையை இடைவிடாது மிக விரைவாகத் திறந்து மூடினால், அருகிலுள்ள வரிசையில் ஏதேனும் ஓர் இருமவிலக்கம் தானாகவே புரண்டுவிடுவதுண்டு. அயலவரிடம் இருக்கும் பக்கத்தின் நகலைத் தாக்குபவன் தன்னிடம் உருவாக்குகிறான், கே.எஸ்.எம். இரண்டையும் ஒன்றாக்கி, அவன் விரும்பிய இடத்தில் வைத்துவிடுகிறது. பின்னர் அவன் அருகிலுள்ள வரிசையைத் தட்டுகிறான். பூட்டப்பட்ட பக்கத்தில் எவரும் ‘எழுதவில்லை’. ஆகவே தனிப் பிரதி எடுக்கப்படுவதுமில்லை. ஆனால் பக்கம் மாறிவிடுகிறது. அவர்கள் மாற்றியது, அயற்பொறிக்குள் நுழைவோரைச் சரிபார்க்கும் சாவியை. அந்தச் சாவி இரண்டு மாபெரும் பகாஎண்களின் பெருக்கம். ஓரிலக்கம் புரண்டவுடன் அது காரணிப்படுத்த எளிதான வேறோர் எண்ணாகிவிட, அதற்குரிய மறைசாவியைக் கணித்துக்கொண்டு வாசலால் நடந்து உள்ளே போயினர்.

வீஎம்வெயர் நிறுவனம் இதற்கு முன்னரே எச்சரிக்கையாகிவிட்டது. பகிர்ந்த பக்கங்களின் வழியாக மறைசாவிகள் கசியக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியதைத் தொடர்ந்து, வெவ்வேறு பொறிகளுக்கிடையே பக்கங்களைப் பகிர்வதை இயல்பாகவே நிறுத்திவைப்பதென 2014 ஒக்ரோபரில் அது அறிவித்தது. ஒரே பொறிக்குள் இருக்கும் ஒத்த பக்கங்களை மாத்திரம் ஒன்றாக்கலாம். பல பொறிகள் ஒன்றையொன்று நம்பத்தக்கவை என்று பொறுப்பாளர் கருதினால், அவற்றுக்கெல்லாம் ஒரே குறியீட்டை அவர் கைப்பட எழுதிவைத்தல் வேண்டும். கைரேகை எண்ணைக் கணிக்கும்போது அந்தக் குறியீடும் கலக்கப்படுவதால், ஒரே குறியீடு உடையவற்றின் பக்கங்களே ஒத்துவரும். அந்தக் குறியீட்டுக்குத் துறையினர் வைத்திருக்கும் பெயர் ‘உப்பு’. ஒரே உப்பைத் தின்பவை மாத்திரம் ஒரே பக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.